டபுள் கோட்டின் மூக்கு

அந்த மனிதருக்குத் தும்மல் வந்தால் தெருவுக்கே தெரியும். வந்தோமா போனோமா என்று இருக்கிற தும்மலா அது? ஒன்று வந்தால் சொந்தபந்தம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வரும். காலையில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தால், பல் தேய்த்து, குளித்து, சட்டைப் பித்தானைப் போட்டு முடிக்கிற வரைக்கும் வீடு அதிர்ந்துகொண்டே இருக்கும். எதிர்வீட்டுக்காரர் அந்தச் சத்தத்தில்தான் கண் விழிப்பார். "எனக்கு அலாரம் வாங்கற செலவு மிச்சம்" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். இவரும் சேர்ந்து சிரிப்பார். கோபப்படத் தெரியாத மனிதர், பாவம்.

தொழில், கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிப்பது. பட்டறையில் அவருக்கு டபுள் கோட் என்று பெயர். முதல் கோட் எவ்வளவு பளபளப்பாக வந்திருந்தாலும் சரி, "இன்னொண்ணு போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது. கோபம் வந்தால் அவர் மனைவிகூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

பட்டறையின் முன்பக்கம் முழுக்க இரைச்சல். நசுங்கிய கதவைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிறவர்கள், பட்டி பூசுகிறவர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்கள் என்று ஒரே புழுதி. அதையெல்லாம் தாண்டிக் கடைசியில் ஒரு நீளமான அறை. அதுதான் பெயிண்ட் பூத். பகல் போல வெளிச்சம், மேலிருந்து சுத்தமான காற்று, சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல். கதவைச் சாத்திவிட்டால் போன் கிடையாது, பேச்சு கிடையாது, அவரும் வண்டியும்தான். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்தால் டபுள் கோட்டுக்கு வேறு எதுவும் வேண்டாம். சொர்க்கம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால், அதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு என்று அடித்துச் சொல்லியிருப்பார்.

அவர் குரலை உயர்த்துவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டியைப் பார்த்தால் யாருக்குமே கை சும்மா இருக்காது. தொட்டுப் பார்க்க விரல் நீளும். "காயற வரைக்கும் கை வைக்காதே!" என்று ஒரு அதட்டல் போடுவார் பாருங்கள், வண்டிக்குச் சொந்தக்காரரே கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்வார். ஒரு முறை பட்டறை முதலாளியின் அப்பாவையே அப்படி அதட்டிவிட்டார். பெரியவர் அன்றிலிருந்து பூத் பக்கமே வரவில்லை.

மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அவள் வேனில் ஏறுகிற வாண்டுகள் வீட்டில் எப்படியோ, வேனில் மூச்சு விடமாட்டார்கள். அவள் ஒரு நாளும் பட்டறைக்குள் வந்ததில்லை. "உங்க பட்டறை வாசல்ல நின்னாலே தின்னர் வாசனையில எனக்குத் தலை சுத்துது" என்று வேனைக் கேட்டிலேயே நிறுத்தி ஹார்ன் அடிப்பாள். ஆக, இத்தனை வருடக் குடும்பத்தில் அவளுக்குத் தெரிந்த கணவர் தும்மிக்கொண்டு எழுகிற, தும்மிக்கொண்டு டீ குடிக்கிற, மூக்கைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டைகளைக் கிழிக்கிற மனிதர் மட்டும்தான்.

பல காலம் அந்தத் தும்மல் பூத்தின் வாசலோடு நின்றுகொண்டது. உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அந்த வருடம் அதற்கும் துணிச்சல் வந்துவிட்டது.

கருப்பு நிற வண்டி ஒன்று வந்திருந்தது. பெயிண்டர்களுக்குக் கருப்பு என்றாலே பயம்தான். சின்னத் தவறு நடந்தாலும் ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும் நிறம் அது. டபுள் கோட் கடைசிப் பூச்சான கிளியர் கோட்டை அடித்துக்கொண்டிருந்தார். முன்கதவு முடிந்து பின்கதவுக்குக் கை நகர்கிற நேரத்தில், மூக்கின் உச்சியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. அடக்கிப் பார்த்தார். அடங்குகிற ஜாதியா அது? மாஸ்க்குக்குள்ளேயே வெடித்தது. உடம்பு குலுங்கியது, கன் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. விரலை எடுப்பதற்குள் கதவில் பெயிண்ட் கண்ணீர் மாதிரி வடிந்து இறங்கிவிட்டது.

வடிந்ததைத் தேய்த்துச் சரிசெய்கிற வேலை பாலிஷ்காரருடையது. டபுள் கோட்டோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த பழைய கூட்டாளி அவர். "யோவ், நீ மூக்கால தும்மற, நான் தோள்பட்டையால அனுபவிக்கறேன்" என்று முனகிக்கொண்டே தேய்த்தார். அந்த மாதத்தில் இது முதல் முறையும் இல்லை.

மாலையில் முதலாளி கூப்பிட்டார். அப்பாவுக்குப் பிறகு பட்டறையை நடத்துகிற பெண். எல்லோருக்கும் ஓனரம்மா. வார்த்தையை அளந்து பேசுகிறவர், பேசினால் மாற்றமாட்டார்.

"அண்ணே, உங்க கையை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மூக்கைத்தான் சொல்றேன். டாக்டரைப் பாருங்க. சரியாகலேன்னா பூத்துக்கு வேற ஆளைப் போட்டுட்டு, உங்களை வெளிய கலர் கலக்க விட்டுடுவேன். சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

சம்பளம் குறையாதாம். டபுள் கோட்டுக்கு அது காதிலேயே ஏறவில்லை. பூத்துக்கு வேற ஆள் என்பது மட்டும்தான் ஏறியது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். மனைவி மறுநாளே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா நன்றாகத் துருவித் துருவிக் கேட்டார். மாஸ்க் ஒழுங்காகப் போடுகிறாரா, நெஞ்சில் இழுப்பு உண்டா, லீவு நாளில் தும்மல் குறைகிறதா? லீவு நாளில்தான் படுக்கையை விட்டு எழுந்ததும் இன்னும் அதிகம் என்றாள் மனைவி. கண்ணில் பிரஷர், புரை ஏதாவது உண்டா என்றும் கேட்டார். இல்லை. அலர்ஜி தரக்கூடிய பொருள்களைக் கையில் சொட்டுச் சொட்டாக வைத்து ஊசியால் லேசாகக் கீறிச் சோதித்ததில், வீட்டுத் தூசிக்கு உரிய இடம் மட்டும் கொசு கடித்த மாதிரி தடித்தது. மெத்தையிலும் பழைய துணியிலும் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளால் வருகிற அலர்ஜி. பெயிண்டின் மேல் குற்றமில்லை என்று தெரிந்ததில் டபுள் கோட்டுக்கு அப்படி ஒரு நிம்மதி.

"மூக்குக்கு ஒரு ஸ்பிரே தர்றேன்" என்று டாக்டரம்மா ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்ட ஆரம்பித்தார்.

ஸ்பிரே! டபுள் கோட் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்ன ஒரு வார்த்தையாவது காதில் விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. "டாக்டர், நான் ஸ்பிரே அடிச்சுத்தான் குடும்பமே நடத்தறேன். எனக்கா சொல்லித் தர்றீங்க? நீங்க கவலையே படாதீங்க" என்று பாட்டிலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே வரிசையாக ஆட்கள் காத்திருந்தார்கள். "சரி, தினமும் ஒரு வேளை, விடாம அடிங்க" என்று டாக்டரம்மா சிரித்து அனுப்பிவிட்டார். கர்வம் எந்த ரூபத்தில் எல்லாம் வருகிறது பாருங்கள். சாதுவான மனிதருக்குக்கூட அவர் தொழிலில் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மருந்து டப்பாவில் இருந்த காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். படித்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, இது ஸ்டீராய்டுங்க!"

"அதனால என்ன?"

"அதனால என்னவா? மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிட்டு எங்க அக்கா முகம் எப்படி ஊதிப் போச்சுன்னு மறந்துட்டீங்களா? கண்ணாடி பாக்கவே மாட்டேன்னு அழுதாளே! நீங்களும் அப்படி ஆகணுமா?"

அவர் என்ன சொல்லியும் கேட்கவில்லை, ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தினமும் வேண்டாம். தும்மல் தாங்க முடியாத நாளில் மட்டும் அடிக்கலாம். டபுள் கோட்டுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கீறல் விழுந்த வண்டிக்குத்தானே பெயிண்ட் அடிக்கிறோம், நல்ல வண்டிக்கா அடிக்கிறோம்?

அப்புறம் அவர் அந்த மூக்கைப் படுத்திய பாடு இருக்கிறதே, சொன்னால் சிரிப்பீர்கள். தும்மல் வந்த நாளில் பாட்டிலைக் குலுக்குவார். கன்னை எப்போதும் பரப்புக்கு நேராகப் பிடிக்க வேண்டும் என்பது பெயிண்டர் பாடம். ஆகவே மூக்குக்குள் கண்ணுக்குத் தெரிகிற ஒரே சுவரான நடுச் சுவருக்கு நேராகக் குறிபார்த்து அடிப்பார். தலையை அண்ணாந்து, "சர்ர்" என்று பலமாக ஒரு உறிஞ்சு. கொஞ்ச நேரம் காயவிட்டு அதே இடத்தில் இரண்டாவது கோட். பெயருக்கேற்ற மாதிரி நடந்துகொள்ள வேண்டாமா? மருந்து தொண்டையில் இறங்கிக் கசக்கும். கசந்தால்தானே மருந்து என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு நாள் பாட்டில் சரியாக அடிக்கவில்லை. நாட்கணக்கில் தொடாமல் வைத்திருந்ததில் வாய் அடைத்துக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் மருந்துக்கடையில் போய்க் கேட்டிருப்பார்கள். இவரிடம்தான் ஸ்பிரே கன்னின் ஓட்டையைக் குத்தி எடுக்கிற ஊசி இருக்கிறதே! குத்தினார். அடைப்பு போய்விட்டது. கூடவே ஓட்டையும் பெரிதாகிவிட்டது. பனி மாதிரி வர வேண்டிய மருந்து குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே இடத்தில் பீய்ச்சியது. "பாத்தியா, இப்பதான் போர்ஸா வருது" என்று மனைவியிடம் பெருமையாகக் காட்டினார்.

தும்மல் ஒரு இம்மியும் குறையவில்லை. மூக்கு எரிய ஆரம்பித்தது. ஒரு நாள் பூத்தில் வேலை முடிந்து மாஸ்க்கைக் கழற்றினால், உள்ளே ரத்தம். உதட்டுக்கு மேலேயும் ரத்தம். பாலிஷ்காரர் பதறிப்போய் அவரை உட்காரவைத்து, தலையை முன்னால் குனியவைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஓனரம்மா ஓடி வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ரத்தம் வர்ற மனுஷனை நான் அந்த ரூமுக்குள்ள அனுப்ப மாட்டேண்ணே. சரியாகற வரைக்கும் வெளியதான்."

பூத் கதவின் பக்கத்தில் ஒரு கொக்கி. டபுள் கோட் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் மாஸ்க்தான் அதில் தொங்கும். அன்றைக்கு அதை எடுத்துக் கலர் கலக்குகிற மேசைக்கு மேலே மாட்ட வேண்டியதாயிற்று. வேறொரு பெயிண்டர் வந்தார். அவருடைய மாஸ்க் கொக்கியில் ஏறியது. கலர் மேசையிலிருந்து பார்த்தால் பூத்தின் கண்ணாடி ஜன்னல் நேராகத் தெரியும். டபுள் கோட் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து கலர் கலக்கினார். அவருக்கு அழுகை அழுகையாக வந்தது. மூக்கைச் சிந்தினால் மறுபடி ரத்தம் வருமே என்று அதையும் அடக்கிக்கொண்டார்.

மனைவி டாக்டரம்மாவிடம் சண்டை போடுகிற முடிவோடுதான் போனாள். "ஸ்டீராய்டைக் குடுத்து இவரை ரத்தம் வர்ற அளவுக்குக் கொண்டு வந்துட்டீங்களே டாக்டர்!" என்று நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

டாக்டரம்மா அவரை அண்ணாந்து உட்காரச் சொன்னார். விளக்கைப் பிடித்து அவர் மூக்குக்குள் பார்த்தார். நடுச் சுவரில் ஒரே இடத்தில் புண். "நீங்க எப்படி அடிக்கறீங்கன்னு எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. மருந்தை மட்டும் உள்ள அடிக்க வேண்டாம்" என்றார்.

டபுள் கோட் செய்து காட்டினார். பாட்டிலைக் குலுக்கினார். காகிதத்தில் இரண்டு தரம் அடித்துப் பார்த்தார். ஊசியை எடுத்து வாயைச் சுத்தம் செய்கிற விதத்தைக் காட்டினார். தலையை அண்ணாந்து, நடுச் சுவருக்கு நேராக வைத்து, இது முதல் கோட், இது இரண்டாவது கோட் என்று விளக்கம் வேறு.

டாக்டரம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க. குலுக்கினது சரி. ரொம்ப நாள் கழிச்சு எடுக்கறப்ப வெளிய அடிச்சுப் பாத்ததும் சரி. மீதி எல்லாம் தப்பு" என்றார்.

"நேரா அடிக்கறது தப்பா?" டபுள் கோட்டால் நம்பவே முடியவில்லை.

"அந்தச் சுவர்ல தோல் மெலிசு. மருந்து வேலை செய்ய வேண்டிய இடமும் அது இல்லை. நீங்க ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அடிச்சா அது புண்ணாகாம என்ன செய்யும்? இன்னும் பல நாள் இப்படியே அடிச்சிருந்தா அந்தச் சுவர்ல ஓட்டையே விழுந்திருக்கலாம்."

கன்னை ஒரே இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது டபுள் கோட்டுக்குத் தெரியாதா? கருப்புக் கதவில் வடிந்த பெயிண்ட் கண் முன்னால் வந்தது.

"கார்க் கதவைத் திறந்தா, ஓரத்துல உள்பக்கமா ஒரு மடிப்பு இருக்குமே, அங்க எப்படி அடிப்பீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அங்க நேரா பிடிக்க முடியாது டாக்டர். கன்னைச் சாய்ச்சு, வெளிப்பக்கமா..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

"அதேதான். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை காதுப் பக்கம் பாக்கணும். நடுச் சுவரைப் பாக்கவே கூடாது. முதல்ல மூக்கை மெதுவா சிந்திட்டு, தலையை லேசா முன்னால குனிஞ்சு அடிங்க. அடிக்கறப்ப பூ மோந்து பாக்கற மாதிரி மெல்ல மூச்சு இழுத்தாப் போதும். நீங்க உறிஞ்சற உறிஞ்சுக்கு மருந்து தொண்டைக்குப் போயி வயித்துல குடித்தனம் பண்ணுது, மூக்குல நிக்கறதே இல்லை. அப்புறம் அந்த ஊசியைப் பட்டறையிலேயே வெச்சுடுங்க. அடைச்சா முனையைக் கழட்டி வெதுவெதுப்பான தண்ணியில கழுவிக் காய வைங்க."

மனைவி விடுவதாக இல்லை. "அது சரி டாக்டர், ஸ்டீராய்டு? எங்க அக்காவுக்கு..."

"உங்க பயம் நியாயம்தாம்மா. உங்க அக்கா சாப்பிட்டது மாத்திரை, அது உடம்பு பூரா போகும். இது மூக்குல அடிக்கற சின்ன அளவு. சொன்ன அளவுல அடிச்சா உடம்புக்குள்ள போறது ரொம்பக் கொஞ்சம். அதுக்காக விளையாட்டும் இல்லை. சொன்னதுக்கு மேல ஒரு அடிகூட வேண்டாம், வேற யாருக்கும் இந்த பாட்டிலைக் குடுக்கவும் வேண்டாம், வேற டாக்டர்கிட்ட போனா இதை அடிக்கறேன்னு சொல்லணும். திரும்ப ரத்தம் வந்தாலோ, பார்வை மங்கலா தெரிஞ்சாலோ நிறுத்திட்டு நேரா என்கிட்ட வரணும்."

"அப்ப தும்மல் வர்ற அன்னிக்கு மட்டும் அடிச்சா?"

"அதுதாம்மா பெரிய தப்பு. இது அடிச்ச உடனே தும்மலை நிறுத்தற மருந்து இல்லை. உள்ள இருக்கற வீக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கும். தும்மல் வந்தாலும் வராட்டாலும் தினமும் அடிக்கணும். முழுசா தெரியறதுக்கு ரெண்டு வாரம்கூட ஆகும்."

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். தினமும் வேண்டாம் என்றது இவள், இரண்டு கோட் போட்டது அவர். யாரை யார் திட்டுவது என்று தெரியாமல் இருவரும் டாக்டரம்மாவையே பார்த்தார்கள். புண் ஆறுகிற வரை களிம்பும் உப்புத் தண்ணீர் சொட்டும் போட வேண்டும், ஆறியதைத் தானே பார்த்துவிட்டுத்தான் ஸ்பிரேயை மறுபடி தொடலாம் என்று சொல்லி, புது பாட்டிலுக்கு எழுதிக் கொடுத்தார். பழையதை அங்கேயே குப்பையில் போடச் சொன்னார்.

அன்றிலிருந்து மனைவி அடியோடு மாறிவிட்டாள். மெத்தைக்கும் தலையணைக்கும் உறை தைத்துப் போட்டாள். போர்வைகள் வாராவாரம் வெந்நீரில் வெந்தன. அவர் வேலைக்குப் போட்டுக்கொள்கிற மேலாடையைப் பட்டறையில் பழைய கம்பளித் துணி மூட்டையின் மேல் போட்டுவைக்கிறார் என்று தெரிந்ததும், "தூசியை உடம்புல சுத்திக்கிட்டுத்தான் அந்த ரூமுக்குள்ள போறீங்களா? நல்லா இருக்கு லட்சணம்!" என்று அதையும் பிடுங்கித் துவைத்தாள். புண் ஆறி டாக்டரம்மா தலையசைத்த பிறகு, தினமும் காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் பாடம் நடந்தது. வேனில் வாண்டுகளை எண்ணுகிற அதே பார்வையோடு பக்கத்தில் நிற்பாள்.

"குனிங்க. இன்னும் கொஞ்சம். காதைப் பாத்து. எதுக்கு இப்படி உறிஞ்சறீங்க? பூ, பூ!"

"ஒரே ஒரு அடி சேத்துப் போட்டா சீக்கிரம் கேக்குமே..."

"திரும்ப பாட்டிலைத் தொட்டீங்கன்னா வேன் சாவியாலேயே ஒண்ணு வைப்பேன்."

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. டபுள் கோட்டுக்குப் பொறுமை போய்விட்டது. கலர் மேசையில் உட்கார்ந்து, இந்த மருந்தும் ஏமாற்றிவிடும், நமக்கு இனி இந்த நாற்காலிதான் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டார். பாலிஷ்காரர்தான் வந்து, "என்னய்யா, அன்னாடம் ஊரை அதட்டுவியே, காயற வரைக்கும் கை வைக்காதேன்னு. உன் மூக்கு காய வேண்டாமா?" என்றார். டபுள் கோட்டுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெயிண்டுக்குக் கொடுக்கிற பொறுமையை மூக்குக்குக் கொடுத்தால் என்ன என்று காத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு காலை. அவர் பாட்டுக்கு எழுந்து, குளித்து, ஸ்பிரே அடித்து, டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் கலைந்த தலையோடு வாசலுக்கு ஓடி வந்தார்.

"என்னங்க, இன்னிக்கு நீங்க தும்மவே இல்லையா? நான் தூங்கிட்டேனே! எட்டு மணிக்கு ஆபீஸ்ல இருக்கணும்ங்க!"

டபுள் கோட்டும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மூக்கு வழியாக ஒரு மூச்சு இழுத்தார். தடையில்லாமல் போனது. டீயின் வாசனை தெரிந்தது. எவ்வளவு காலம் ஆயிற்று!

ஆனால் ஓனரம்மா லேசில் மசியவில்லை. "சந்தோஷம்ண்ணே. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். யார் வண்டியைக் குடுத்து நான் சோதிச்சுப் பாக்கறது, சொல்லுங்க?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. டபுள் கோட் வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டே பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாள் அவள் வேன் பட்டறை வாசலுக்கு வந்தது. ஹார்ன் அடிக்கவில்லை. நேராக உள்ளே வந்தது. தின்னர் வாசனைக்கு முகத்தைச் சுளித்தபடி இறங்கியவள் ஓனரம்மாவிடம் போனாள்.

"வேனுக்குப் பெயிண்ட் அடிக்கணும். மஞ்சள். இவர்தான் அடிக்கணும்."

ஓனரம்மா தயங்கினார். "வடிஞ்சுடுச்சுன்னா?"

"வடிஞ்சா வடிஞ்ச வேனையே ஓட்டிக்கிட்டுப் போறேன். உங்களைக் கேக்க மாட்டேன். அந்தப் பசங்க பாத்துச் சிரிக்கட்டும்."

அந்த வேனில் ஒரு கீறல் விழுந்தால் ஒரு வாரம் சாப்பாடு இறங்காது அவளுக்கு. அந்த வேனைத்தான் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறாள்.

தேய்த்து, பட்டி பூசி, அடிப்பூச்சான பிரைமர் அடித்துத் தயாரான வேன் பூத்துக்குள் போனது. துவைத்த மேலாடையைப் போட்டுக்கொண்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு டபுள் கோட் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு வெளியே ஓனரம்மா, பாலிஷ்காரர், மனைவி. மஞ்சள் போட்டார். காயவிட்டு இன்னொரு முறை போட்டார். அதற்கு மேல் கிளியர் கோட். ஒரு பக்கம் முடிந்து, வளைந்து பின்பக்கம் போகிறபோது, மூக்கின் உச்சியில் அந்த எறும்பு ஊர்ந்தது.

அவருக்கு உயிரே போய்விட்டது. விசையிலிருந்து விரலை எடுத்தார். கன்னைக் கீழே இறக்கி அப்படியே நின்றார். கண்ணாடிக்கு வெளியே பாலிஷ்காரர் தன் மூக்கையே பிடித்துக்கொண்டார். எறும்பு கொஞ்ச தூரம் வந்தது, நின்றது, போய்விட்டது. அவ்வளவுதான். வெறும் குறுகுறுப்பு. எல்லா மனிதருக்கும் வருகிற மாதிரி வந்து, எல்லா மனிதருக்கும் போகிற மாதிரி போய்விட்டது. டபுள் கோட் கன்னைத் தூக்கி, விட்ட இடத்திலிருந்து வேனைச் சுற்றி நடந்தார். கை ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. மாஸ்க்குக்குள் அவர் சிரித்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

வெளியே வந்தபோது ஓனரம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் வேனை ஒரு சுற்று பார்த்தார். எங்கேயும் வடியவில்லை. திரும்பி வந்தவர் கொக்கியில் இருந்த புதுப் பெயிண்டரின் மாஸ்க்கை எடுத்து, அவருக்கு முன்பக்கத்தில் ஒரு இடம் பார்க்கச் சொல்லிப் பாலிஷ்காரர் கையில் கொடுத்தார். "உங்களதை மாட்டுங்கண்ணே. நாளைக்குக் கருப்பு வண்டி ஒண்ணு வருது" என்றார்.

மனைவி இன்னும் ஜன்னல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "வீட்டுல ஒரு டம்ளர் எடுத்தா நாலு சாமானை உருட்டற மனுஷன். உள்ள எப்படிங்க அப்படி நடந்தீங்க? காத்து கூட அசையாத மாதிரி? இத்தனை வருஷமா நீங்க இப்படி இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாம போச்சே!" என்றாள். "நீதான் கேட்டோட நின்னுடுவியே" என்றார் டபுள் கோட்.

திறந்திருந்த கதவு வழியாக வேனின் மஞ்சள் பளபளத்தது. அவள் தன்னை அறியாமல் ஒரு அடி உள்ளே வைத்து விரலை நீட்டினாள்.

"காயற வரைக்கும் கை வைக்காதே!"

பட்டறையே திரும்பிப் பார்த்தது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"வைக்கல. ஆனா நீங்களும் நாளைக்கு மூக்கு நல்லாத்தானே இருக்குன்னு அந்த பாட்டிலை ஓரமா வெச்சுடக் கூடாது. எப்பக் குறைக்கணும், எப்ப நிறுத்தணும்னு டாக்டர் சொல்லட்டும்."

உண்மையைச் சொன்னால், எறும்பு திரும்பிப் போன அந்த நிமிடத்தில் அவர் நினைத்தது, இனி பாட்டில் எதற்கு என்பதைத்தான். எப்படிக் கண்டுபிடித்தாள்? டபுள் கோட் தன் மாஸ்க்கைத் துடைத்துப் பழைய கொக்கியில் மாட்டினார். மறுநாள் காலையில் பாட்டிலோடு கண்ணாடி முன்னால் போய் நின்று, யாரும் சொல்லாமலேயே தலையைக் குனிந்தார்.